தொண்ணூறைத் தாண்டினால்

அத்தியாயம் 17

பேலன்சிங் மெஷின் பொய் சொல்லாது என்று பதினான்கு வருஷமாகத் தன் டயர் கடையில் சொல்லிக்கொண்டிருந்தவள் மூத்தவள். போன புதன்கிழமை அதே மெஷினுக்கு முன்னால், ஆறு வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்க்க, தங்கை புருஷன் அவள் மூக்கை உடைத்துவிட்டுப் போனான்.

நடந்தது இதுதான். தங்கை பழைய கார் ஒன்று வாங்கினாள். அந்தச் சந்தோஷத்தில் மூத்தவள் அதன் துருப்பிடித்த இரும்புச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பளபளவென்று நான்கு அலாய் வீல்களை அன்பளிப்பாக மாட்டிக் கொடுத்தாள். அன்றிலிருந்து கார் தொண்ணூறைத் தாண்டினால் ஆடியது. ஸ்டீயரிங் கையில் நிற்காமல் நடுங்கியது. தங்கை புருஷன் மூன்று முறை வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்தான். மூன்று முறையும் அவள் நான்கு சக்கரங்களையும் மெஷினில் ஏற்றிச் சுற்றவிட்டாள். மூன்று முறையும் திரையில் சைபர். சைபர் என்றால் சக்கரத்தில் எந்தப் பக்கத்திலும் துளி எடை கூடுதலாக இல்லை என்று அர்த்தம். ஆனாலும் வண்டி ஆடியது.

மூன்றாவது தடவைதான் அவன் அதைச் சொன்னான். "வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடுங்க அக்கா. உறவுக்காக எங்க உயிரோட விளையாட வேண்டாம்."

அவள் கணவன் அப்போது பக்கத்தில்தான் நின்றான். ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கை காருக்குள் உட்கார்ந்து எதிர்ப்பக்கக் கட்டடத்தின் ஜன்னல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அன்று முழுவதும் மூத்தவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைத்தெருவில் அவளுக்கு 'சைரன்' என்று பெயர். அவளுக்குத் தெரியாது என்று நினைத்துச் சொல்கிறார்கள். அவளுக்கு நன்றாகவே தெரியும். டயர் கடையில் ஒரு பெண் நின்றால் வருகிறவன் எல்லாம், "முதலாளி இல்லையா?" என்றுதான் கேட்பான். முதல் இரண்டு வருஷம் அவள் தணிந்த குரலில் பதில் சொல்லிப் பார்த்தாள். யார் காதிலும் ஏறவில்லை. பிறகு குரலை உயர்த்தினாள், ஏறியது. அவள் கணவனுக்கோ அதே தெருவில் 'தங்கமான மனுஷன்' என்று பெயர். குரலை உயர்த்த வேண்டிய அவசியமே வராத ஆண்களுக்கு அந்தப் பட்டம் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. அவனும் அதை வேண்டாம் என்று சொன்னதில்லை.

கடையில் ஒரு சட்டம் உண்டு. மெஷின் அவளுடையது. வண்டியில் சக்கரத்தைக் கழற்றுவதும் மாட்டுவதும் அவனுடையது. அவன் கழற்றி உருட்டிக்கொண்டு வருவான். அவள் சரிபார்த்து உருட்டி அனுப்புவாள். அவன் மெஷினில் கை வைக்க மாட்டான், அவள் நட்டைத் தொட மாட்டாள். கடை ஆரம்பித்த புதிதில் தினமும் நடந்த சண்டைக்குப் பிறகு இருவருமாகப் போட்டுக்கொண்ட சட்டம் இது. கடையும் குடித்தனமும் இத்தனை வருஷம் ஓடியது இந்தச் சட்டத்தால்தான் என்று இருவருமே நம்பினார்கள்.

இந்தப் புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கை காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். தன் புருஷன் சொல்லி அனுப்பியதை அவள் மென்று விழுங்கிச் சொன்னாள். நாளை விடியற்காலையில் அவனுக்கு நானூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு இன்டர்வியூ. மூன்று பேருமாகப் போகிறார்கள், எட்டு வயது மகளும் கூட. மாலை ஐந்து மணிக்கு வந்து வண்டியை எடுப்பான். அப்போதும் ஆட்டம் இருந்தால், நான்கு சக்கரங்களையும் வேறு கடையில் கழற்றி, மூத்தவள் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போவான். அதற்குப் பிறகு போக்குவரத்து கிடையாது.

"போக்குவரத்து கிடையாதுன்னா?"

"அப்படித்தான் சொன்னாரு அக்கா. அக்கா வீட்டுக்கு நீயும் போகக் கூடாதுன்னு."

மூத்தவளுக்குச் சுரீர் என்றது. அம்மா இறந்தபோது தங்கைக்கு வயது பதினொன்று. தலை வாரிவிட்டது, பரீட்சைக்கு எழுப்பிவிட்டது, வேலைக்கு மனுப் போட வைத்தது எல்லாம் இவள். அந்தத் தங்கையை நான்கு சக்கரத்துக்காக ஒருவன் பிடுங்கிக்கொள்வதா? அதுவும் தன் கையாலேயே கொடுத்த சக்கரத்துக்காகவா?

கணவனைத் தேடினாள். எட்டு மணிக்கே உதிரி பாகக் கடைக்குப் போகிறேன் என்று கிளம்பியிருந்தான். எதை வாங்க என்று கேட்டதற்கு, "சில்லறைச் சாமான்" என்றுதான் பதில் வந்தது. அவன் வரும்வரை காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. தங்கையைப் பக்கத்து சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, ஸ்டீயரிங்கை அவளே பிடித்தாள். மூன்று முறை மெஷினில் பார்த்தவள், ஒரு முறையாவது வண்டியை ஓட்டிப் பார்த்தாளா என்றால், இல்லை. சைபர் வந்த பிறகு ஓட்டிப் பார்ப்பது மெஷினைச் சந்தேகப்படுவது என்பது அவள் கட்சி. இன்றைக்குக் கோபம் அந்தக் கட்சியையும் கலைத்துவிட்டது.

விரைவுச் சாலையில் ஏறியதும் மிதித்தாள். எழுபதில் ஒன்றும் இல்லை. எண்பதில் ஒன்றும் இல்லை. எண்பத்தெட்டில் ஸ்டீயரிங்கில் லேசாக ஒரு நடுக்கம் வந்தது. தொண்ணூற்றைந்தில் அவள் மோதிரம் ஸ்டீயரிங்கில் படபடவென்று அடித்துக்கொண்டது. தங்கை சீட்டின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, போதும் அக்கா, மெதுவாகப் போ என்று கெஞ்சினாள். "வாயை மூடிட்டு உட்காரு" என்றாள் மூத்தவள். அவள் கேட்டுக்கொண்டிருந்தது வண்டியை.

கியரை நடுவுக்குத் தள்ளி இன்ஜினை விடுவித்தாள். வண்டி அதே வேகத்தில் உருண்டது, அதே ஆட்டம் ஆடியது. ஆகவே இன்ஜின் மேல் பழி இல்லை. பிரேக்கை மெல்லத் தொட்டாள். பிரேக் தட்டு கோணியிருந்தால் மிதிக்கும்போது ஆட்டம் கூடும், கூடவில்லை. உட்கார்ந்திருந்த சீட் அசையவில்லை, ஸ்டீயரிங்தான் ஆடியது. ஆகவே பின்பக்கம் இல்லை, முன்பக்கம். நூற்றுப் பத்துக்கு ஏற்றினாள். ஆட்டம் கொஞ்சம் அடங்கியது. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் வந்து, அதைத் தாண்டினால் அடங்குகிற ஆட்டம் என்றால் முதலில் சக்கரத்தைப் பிடி என்று அவளே நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

சக்கரம். அவள் சக்கரம். அவள் சைபர்.

திரும்பி வரும் வழி முழுக்க அவள் திட்டிக்கொண்டே வந்தாள். முதலில் டயர் கம்பெனிக்காரனை, பிறகு சாலை போட்டவனை, பிறகு தங்கை புருஷனை. தங்கை அதற்கெல்லாம் 'ம்' கூடக் கொட்டவில்லை. அது தன் புருஷனைத் திட்டியதால் வந்த வருத்தம் என்று நினைத்து, மூத்தவள் இன்னும் நான்கு வார்த்தை சேர்த்துத் திட்டினாள்.

கடைக்கு வந்தபோதும் கணவன் வந்திருக்கவில்லை. காத்திருக்கும் பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் மதியத்துக்குமேல் வரச் சொல்லிவிட்டு, பதினான்கு வருஷத்துச் சட்டத்தை மீறி, ஜாக்கியை அவளே எடுத்தாள்.

முன்பக்கத்து இடது சக்கரம் தரையை விட்டு எழும்பியது. ரிம்மின் ஓரத்தில் படுகிறாற்போல ஒரு சாக்கட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றினாள். சரியான சக்கரமாக இருந்தால் சுற்றிலும் வெள்ளைக்கோடு விழ வேண்டும். பாதி வட்டத்துக்குத்தான் விழுந்தது. மறுபாதி சாக்கட்டியைத் தொடாமலே போனது. இன்னொரு தடவை சுற்றினாள். அதேதான். மெஷினில் வட்டமாகச் சுற்றிய சக்கரம் காரில் ஒரு பக்கமாக ஒதுங்கிச் சுற்றியது.

நட்டைக் கழற்ற ஸ்பேனரை வைத்தாள். முதல் நட்டுக்கு ஸ்பேனர் தேவைப்பட்டது. இரண்டாவதுக்கும் தேவைப்பட்டது. மூன்றாவது, விரலாலேயே சுழன்றது. நான்காவதும் அப்படியே. நாள் கணக்கில் ஆடி ஆடி, நான்கில் இரண்டு தானாகவே கழன்றுகொண்டிருந்தன.

தங்கையிடம், போன ஞாயிற்றுக்கிழமை எங்கே போனீர்கள் என்று கேட்டாள். தங்கை, புருஷனும் மகளும் மட்டும் கடற்கரைக்குப் போய் வந்ததாகச் சொன்னாள். எவ்வளவு வேகம் போனான் என்று கேட்டதற்கு, வழக்கம்போலத்தான் என்றாள். அவன் வழக்கம் நூறுக்குக் குறையாது என்பது இரண்டு குடும்பத்துக்கும் தெரியும்.

சக்கரத்தைக் கழற்றித் தரையில் சாய்த்தாள். சக்கரத்தின் நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை. காரின் அச்சு முனையில் அந்த ஓட்டைக்குள் நுழைகிற வட்டமான ஒரு மூக்கு. ஓட்டையும் மூக்கும் இறுக்கமாகப் பொருந்தினால்தான் சக்கரம் நடுவில் நிற்கும். வெளியிலிருந்து வாங்கிய ரிம்முக்கு ஓட்டை எப்போதும் கொஞ்சம் பெரியதாக இருக்கும். எந்தக் காருக்கும் மாட்டலாம் என்பதற்காக. அந்த இடைவெளியை அடைக்க ஒரு பிளாஸ்டிக் வளையம் கொடுப்பார்கள். மெஷினில் கூம்பு ஒன்று சக்கரத்தை நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் அங்கே வளையம் தேவையில்லை. காரில் தேவை.

மூத்தவள் சுண்டுவிரலை ஓட்டைக்குள் விட்டு ஒரு சுற்று தடவினாள். வெறும் உலோகம். வளையம் இல்லை. நாலு நட்டை நம்பி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது சக்கரம். மெஷின் பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்ட கேள்விதான் தப்பு. மூன்று முறையும் கணவன் கழற்றி உருட்டி வந்தான், அவன் உருட்டிக்கொண்டு போய் மாட்டினான். அச்சில் சக்கரம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சட்டமாம் சட்டம்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஸ்கூட்டர் நின்றது. கணவன் உள்ளே வந்தான். தரையில் கிடந்த சக்கரத்தைப் பார்த்தான், மனைவியின் கருத்த கையைப் பார்த்தான், திருதிருவென்று விழித்தான். அவன் கை தானாகச் சட்டைப் பையைப் பொத்தியது.

"பையில என்னங்க?"

"ஒண்ணும் இல்ல. சில்லறைச் சாமான்."

"எடுங்க."

ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் வளையல் மாதிரி நான்கு கறுப்பு வளையங்கள். மூத்தவள் ஒன்றை எடுத்து ரிம்மின் ஓட்டையில் வைத்து அழுத்தினாள். 'டக்' என்று உட்கார்ந்துகொண்டது.

"இது ரிம்மோட பெட்டியிலயே வந்திருக்குமே. அது எங்க?"

"பேக்கிங்னு நினைச்சு அட்டையோட சேர்த்துக் குப்பையில போட்டுட்டேன்."

இதுவரை ஒரு தப்பு. மனுஷன் செய்கிற தப்பு. இதற்கு மூத்தவள் பத்து நிமிஷம் கத்தியிருப்பாள். பதினோராவது நிமிஷம் டீ போட்டுக் கொடுத்திருப்பாள். அவளை அறிந்த யாருக்கும் இது தெரியும். ஆனால் அவன் கையில் இன்றைக்குச் சரியான அளவில் நான்கு வளையங்கள் இருந்தன. கேட்டுப் போய் வாங்கி வந்திருக்கிறான். கேட்கத் தெரிந்திருக்கிறது.

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

அவன் ஸ்பேனரைத் தேடுகிறவன் போல மேஜைப் பக்கம் திரும்பினான். பதில் தங்கையிடமிருந்து வந்தது.

"சக்கரம் மாட்டின மறுநாளே தெரியும் அக்கா. மாமா எனக்கு போன் பண்ணிச் சொன்னாரு. அறுபதுக்கு மேல போகாதே, வளையம் ஆர்டர் போட்டிருக்கேன், அக்காவுக்குத் தெரிய வேணாம்னு. முதல்ல வந்தது அளவு சரியில்ல. திரும்ப ஆர்டர் போட்டு... மாமாவைத் திட்டாதே. நானும்தான் சொல்லலை."

மூத்தவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இருபத்து மூன்று நாள். இவர்கள் இருவருக்கும் தெரிந்த ஒரு விஷயம் தெரியாமல், மூன்று முறை நான்கு சக்கரங்களை, ஆகப் பன்னிரண்டு முறை மெஷினில் ஏற்றி இறக்கியிருக்கிறாள். எடைக்கு ஒட்டுகிற ஈய வில்லையைப் பிய்த்து ஒட்டி, பிய்த்து ஒட்டி, விரல் நுனி புண்ணாகியிருந்தது. மூன்று முறையும் இந்தத் தங்கமான மனுஷன் பக்கத்தில் நின்று, "இப்ப சரியா இருக்கா?" என்று கேட்டிருக்கிறான். ஆறு பேர் முன்னால் அவளுக்கு வேலை தெரியாது என்று ஒருவன் சொன்னபோது இருவரும் வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டு இருந்தார்கள்.

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வாய்க்கு வந்ததை எல்லாம் கொட்டினாள். எதிர்க்கடைக்காரர் எழுந்து நின்று பார்த்துவிட்டு, வழக்கமானதுதான் என்று உட்கார்ந்துகொண்டார். தங்கை புருஷனுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். சொல்லியிருந்தால் அவன் கடைக்கு வந்து சண்டை போட்டிருப்பான், அப்போது அக்காவுக்குத் தெரிந்துவிடும், அதனால் சொல்லவில்லை என்றாள் தங்கை. மெதுவாக ஓட்டுங்கள் என்று மட்டும் அவனிடம் தினமும் சொன்னாளாம். அவன் கேட்கவில்லையாம்.

மூத்தவள் கழன்ற இரண்டு நட்டையும் உள்ளங்கையில் வைத்துத் தங்கையின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"உன் பொண்ணு இந்தச் சக்கரத்து மேல உட்கார்ந்து கடற்கரைக்குப் போயிட்டு வந்திருக்கா. என்கிட்ட சொல்றதுக்குப் பயம். சாகறதுக்குப் பயம் இல்லையா உங்களுக்கு?"

தங்கை நட்டைப் பார்த்தாள். அது விரலால் கழன்றதை அவளும் பக்கத்தில் நின்று பார்த்தவள்தான். அப்போதுதான் அதன் அர்த்தம் அவளுக்கு உறைத்தது. முகத்தை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

கணவன் சமாதானத்துக்கு வந்தான். நல்ல எண்ணத்தோடுதான் வந்தான். அவன் எப்போதுமே நல்ல எண்ணத்தோடுதான் வருவான்.

"இன்னிக்கு நீ நாலாவது தடவை பேலன்ஸ் பண்ணுவேல்ல, அப்ப மாட்டும்போது சத்தமில்லாம வளையத்தைப் போட்டுடலாம்னு இருந்தேன். ஆட்டம் நின்னிருக்கும். உன் கையாலதான் சரியாச்சுன்னு எல்லாரும் சொல்லியிருப்பாங்க. உனக்குத்தானே நல்ல பேரு."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். திருடிய பொருளைத் திருப்பி வைத்துவிட்டு, அதற்கு நன்றியும் எதிர்பார்த்து நிற்கிற மாதிரி இருந்தது. மேற்கொண்டு திட்ட அவளிடம் வார்த்தை தீர்ந்துபோயிருந்தது. அது அவள் வாழ்க்கையில் அடிக்கடி நடப்பதில்லை.

நான்கு சக்கரங்களையும் அவளே கழற்றினாள். நான்கு வளையங்களையும் அவளே அழுத்தி உட்காரவைத்தாள். பதினாறு நட்டையும் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக, அவளே இறுக்கினாள். கணவன் இரண்டு முறை ஸ்பேனருக்குக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. பிறகு தனியாக விரைவுச் சாலைக்குப் போனாள். தொண்ணூறு, நூறு, நூற்றுப் பத்து. ஸ்டீயரிங் அசையவில்லை. வேலை சரியாக முடிந்தால் அவளுக்கு வழக்கமாக ஒரு குஷி வரும், வாய்க்குள் ஏதாவது பாட்டு ஓடும். இன்றைக்கு வரவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் ஒரு பாட்டம் கத்தித் தீர்த்துவிட்டுத் திரும்பினாள்.

ஐந்து மணிக்குத் தங்கை புருஷன் வந்தான். கடையில் அப்போது நான்கு பேர் இருந்தார்கள். மதியத்துக்குமேல் வரச் சொன்ன இரண்டு பேர், டாக்ஸி ஓட்டுகிற ஒருவர், காற்றுப் பிடிக்க வந்த ஒருவர். தங்கை புருஷன் வாசலில் நின்றபடியே, என்ன ஆயிற்று, ஐந்தாவது தடவைக்குத் தேதி வாங்க வேண்டுமா என்று நக்கலாகக் கேட்டான்.

மூத்தவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். மதியத்திலிருந்து அவள் இதைத்தான் யோசித்து வைத்திருந்தாள். அவளுக்கு வேலை தெரியாது என்று இதே இடத்தில் சொல்லப்பட்டது. தெரியும் என்றும் இதே இடத்தில் சொல்லப்பட வேண்டும். ஆனால் அதைத் தன் வாயால் சொல்ல அவள் விரும்பவில்லை. சொல்ல வேண்டியவன் ஒருவன் இருக்கிறான்.

"வண்டி சரியாயிடுச்சு மாப்பிள்ளை. நூத்திப் பத்துல ஓட்டிப் பார்த்துட்டேன். பேலன்சிங்ல தப்பு இல்ல. மாட்டினதுல தப்பு."

சொல்லிவிட்டுக் கணவனைப் பார்த்தாள். கடையில் இருந்த எல்லோருமே அவனைப் பார்த்தார்கள். மாட்டுகிறவன் யார் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். தங்கை புருஷனின் முகம் கடுகடுவென்று ஆனது. "என்ன சகலை? நீங்களா?" என்று ஒரு எட்டு முன்னால் வந்தான்.

கணவன் தலையைச் சொறிந்தான். வளையங்களைத் தான் தவறிக் குப்பையில் போட்டதைச் சொன்னான். மறுநாளே தெரியும் என்பதையும் சொன்னான். அதுவரை ஒழுங்காகத்தான் சொன்னான். மூத்தவளுக்கு நெஞ்சில் ஏதோ இளகக்கூடச் செய்தது.

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை? என் பொண்ணு அந்த வண்டியில வந்திருக்கா." கேட்டது தங்கை புருஷன். அவன் கை முஷ்டியாகியிருந்தது.

"எப்படிச் சொல்றது சகலை?" கணவன் கண்ணாலேயே மனைவி பக்கம் காட்டினான். "சொல்லிட்டு நான் எங்க போய்த் தூங்கறது?"

டாக்ஸிக்காரர்தான் முதலில் சிரித்தார். அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். காற்றுப் பிடிக்க வந்தவர், சைரன் சத்தத்துக்குப் பயப்படாதவர் யார் என்று மெல்லச் சொன்னார். மெல்லச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. தங்கை புருஷனின் முஷ்டி தளர்ந்தது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அடிக்க வந்தவன், சகலையின் தோளில் தட்டி, "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது" என்று சிரித்தான். இருபத்து மூன்று நாளாக அவள் தலையில் இருந்த குற்றம், அவன் தலையில் இறக்கி வைத்த அரை நிமிஷத்தில் ஆவியாகிப் போனது. கழன்ற நட்டு போனது, கடற்கரைக்குப் போய் வந்த குழந்தை போனது, வேலை தெரியாது என்ற பேச்சும் போனது. கடைசியில் மிஞ்சியது அவள் வாய் மட்டும்தான்.

அவள் தங்கையைப் பார்த்தாள். தங்கை வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகையா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

எல்லோரும் அவள் கத்துவதற்காகக் காத்திருந்தார்கள். சிரிப்புக்கு அடுத்தபடியாக அதுதான் வரும் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. அவள் கத்தவில்லை. கார் சாவியைத் தங்கை புருஷனிடம் கொடுத்தாள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் ஓரமாக நிறுத்தி நட்டை ஒரு முறை இறுக்கிப் பார்க்கச் சொன்னாள். டாக்ஸிக்காரரின் சக்கரத்தை உருட்டிப் போய் மெஷினில் ஏற்றினாள். சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது. ஒரு மணி நேரத்தில் எல்லா வண்டியும் போய்விட்டது. அந்த ஒரு மணி நேரமும் அவள் வாயிலிருந்து வேலைக்கு வேண்டிய வார்த்தைகள் மட்டுமே வந்தன.

வெளியில் இன்னும் வெளிச்சம் இருந்தது. கணவன் ஜாக்கியைச் சுவரோரம் நகர்த்தினான். ஏற்கெனவே சுவரோரம்தான் இருந்தது. துடைத்த மேஜையை மறுபடி துடைத்தான். பிறகு தாங்க முடியாமல் அவள் முன்னால் வந்து நின்றான்.

"ஏதாவது சொல்லேன். திட்டவாவது திட்டு."

அவள் மெஷினின் ஸ்விட்சை அணைத்தாள். கூம்பு சுற்றி ஓயும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"திட்ட மாட்டேன். ஒண்ணு கேக்கறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க." குரல் அவளுடையதாகவே இல்லை, அவ்வளவு தணிந்திருந்தது. "நான் கத்துவேன்னு பயந்து இந்தப் பதினாலு வருஷத்துல என்கிட்ட சொல்லாம விட்டது, இது ஒண்ணுதானா?"

சிரித்துச் சமாளிப்பான் என்றுதான் அவள் நினைத்தாள். இல்லையென்றால் இது ஒன்றுதான் என்று அடித்துச் சொல்வான், தான் நம்பாமல் நம்பிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை. வாசல் வரை போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தான். வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சை அவள் பக்கமாக இழுத்துப் போட்டான்.

"உட்காரு" என்றான்.